அடியில் தங்கும் கிருமிகள்

பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் பலவற்றின் பின்னால் ஒரு சந்து ஓடுகிறது. லிட்டில் இந்தியாவில் பூக்கடையும் புடவைக்கடையும் பார்த்து நடக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவது அரிது. ஆனால் இந்த நகரத்தின் சுகாதார வரலாறு நடந்தது அங்கேதான். கக்கூஸ் வாளியை மாற்ற வருகிற தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்காமல் வேலையை முடித்துப் போகவேண்டும் என்பதற்காகவே பல வீடுகளின் பின்சுவரில் தரையை ஒட்டி ஒரு சிறு கதவு வைத்தார்கள். வாளியில் இருந்ததை மனிதர்கள் கையாலும் தோளாலும் சுமந்தார்கள். அதிலிருந்த கிருமிகளையும் அவர்கள்தான் சுமந்தார்கள்.

பிறகு நிலத்தடிக் குழாய்கள் வந்தன. மலம் கண்ணிலிருந்து மறைந்து கடலுக்குப் போனது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள நீரிணையில் நகரின் கழிவுநீர் பல பத்தாண்டுகள் சுத்திகரிக்கப்படாமலே கலந்தது. இது பினாங்குக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. லண்டன் மாநகரம் தன் கழிவுநீர்க் கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டுவதை 1998இல்தான் நிறுத்தியது. நியூயார்க் 1992இல் நிறுத்தியது. கடல் பெரியது, எதையும் விழுங்கிவிடும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

இன்று ஜோர்ஜ் டவுனின் கழிவுநீர் ஜெலுத்தோங் கடற்கரைக்குப் போகிறது. விரைவுச்சாலையில் போகிறவர்களுக்கு ஜெலுத்தோங் என்றதும் குப்பைமேடுதான் நினைவுக்கு வரும். அந்தக் கரையோரத்திலேயே இண்டா வாட்டர் நிறுவனம் நடத்தும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 12 இலட்சம் பேருக்கு இணையான கழிவுநீரை ஏற்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது அது. மலேசியக் கணக்கில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர். பெருக்கிப் பார்த்தால் முழுக் கொள்ளளவில் நாளுக்கு 27 கோடி லிட்டர் வருகிறது. அவ்வளவு நீரும் உள்ளே போய்த் தெளிந்து வெளியே வருகிறது.

தெளிந்த நீரைப் பார்த்ததும் கிருமி ஒழிந்தது என்று எண்ணத் தோன்றும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நோய்க்கிருமிகளில் ஒரு பகுதி சாகிறது. மிச்சமுள்ளதில் பெரும்பகுதி நீரை விட்டுவிட்டுக் கசடுக்குள் இறங்கிக்கொள்கிறது. நீர் எவ்வளவு சுத்தமாக வெளியேறுகிறதோ, அவ்வளவு ஆபத்து அடியில் திரண்டு நிற்கிறது. அதை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே சுத்திகரிப்பு முடிந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஜெலுத்தோங்கில் நடப்பதைப் புரிந்துகொள்ள 1914ஆம் ஆண்டின் மான்செஸ்டருக்குப் போகவேண்டும். எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் கழிவுநீரை ஒரு கலத்தில் ஊற்றிக் காற்றைச் செலுத்தினார்கள். காற்றை நிறுத்தியதும் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு தங்கியது. மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, படிவை அப்படியே வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நீர் முன்னைவிட விரைவாகத் தெளிந்தது. படிவில் உயிர் இருந்தது. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகி, கழிவைத் தின்று பெருகியிருந்தன. இன்று உலகின் பெருநகரங்கள் பலவும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. ஜெலுத்தோங்கின் தொட்டிகள் அந்த முதல் சோதனையின் வரிசையையே பின்பற்றுகின்றன: ஒரே தொட்டியில் நிரப்பு, காற்றூட்டு, தங்கவிடு, மேல்நீரை வடி, மறுபடி நிரப்பு.

அந்த மான்செஸ்டர் ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். கழிவுநீர் ஆய்வு அங்கே வேர்விட்டது. 1942இல் அதே கழகத்திலிருந்து எஸ். சி. பிள்ளை, வி. சுப்பிரமணியன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கழிவுநீரைத் தெளியவைப்பதில் பாக்டீரியாவுக்கு மட்டுமல்ல, புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகளுக்கும் பெரும்பங்கு உண்டு என்றார்கள். மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதை முழுதாக ஒப்புக்கொள்ள இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. வி. சுப்பிரமணியனைப் பின்னாளில் மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி வளர்த்தவராக நாம் அறிவோம். மலக் கசடில் இவர் செய்த ஆய்வையும் அதே அளவு பெருமையோடு நாம் நினைக்கவேண்டும்.

கிருமிகளுக்கு வருவோம். நுண்நோக்கியில் கசடுத் திரள் ஒன்றைப் பார்த்தால், மெல்லிய காம்புகளில் கொத்துக் கொத்தாக எபிஸ்டைலிஸ் போன்ற புரோட்டோசோவாக்கள் நிற்கும். வாயைச் சுற்றியுள்ள நுண்மயிர்கள் சுழன்று நீரை இழுக்கும். நீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சுழலில் சிக்கி உள்ளே போய்விடும். குடலிலிருந்து வந்த ஈ.கோலையும் டைஃபாய்டுக் கிருமியின் உறவுகளான சால்மொனெல்லாக்களும் இப்படித்தான் நீரிலிருந்து மறைகின்றன. காற்றூட்டும் தொட்டியில் நடக்கும் மெய்யான கொலை பெரும்பாலும் இதுதான். மற்றபடி வைரஸ்கள் சாவதைவிடத் திரள்களில் ஒட்டிக்கொள்வதே அதிகம். திரளோடு சேர்ந்து அவையும் அடிக்கு இறங்குகின்றன. உருண்டைப்புழுவின் முட்டைக்கோ எதிலும் ஒட்டவேண்டிய தேவையே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள அது, தன் எடையாலேயே அமிழ்ந்துவிடும்.

தொட்டியின் அடியில் மிகையாகச் சேரும் இந்தக் கசடைக் கெட்டியாக்கிக் காற்றில்லாத செரிமானக் கலத்துக்கு அனுப்புகிறார்கள். ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூட்டில், சராசரியாக இருபது நாள் அது அங்கே கிடக்கும். மீத்தேன் வாயு வரும், நாற்றம் குறையும், கன அளவு சுருங்கும். கிருமிகளில் 90 முதல் 99 சதவீதம் வரை சாகும்.

99 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சற்றுக் கணக்குப் போடுவோம். பதப்படுத்தாத கசடில், உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்கு ஒரு கோடி மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா இருப்பது சாதாரணம். அதற்கு மேலும் இருக்கும். அதில் 99 சதவீதம் செத்தாலும் இலட்சம் மிஞ்சும். காய்கறித் தோட்டத்திலோ வீட்டுப் பூந்தொட்டியிலோ தடையின்றிப் போடத்தக்க கசடுக்கு அமெரிக்கா 1993இல் வகுத்த ‘ஏ’ வகுப்பு வரம்பு கிராமுக்கு 1,000. நம் இலட்சம் அதைவிட நூறு மடங்கு. அதனால்தான் இந்தத் துறைப் பொறியாளர்கள் சதவீதத்தை நம்பாமல் எத்தனை பூஜ்யம் குறைந்தது என்று எண்ணுகிறார்கள். இரண்டு பூஜ்யம் குறைத்தால் சாதாரணப் பதம். பிரிட்டனில் கடைச் சங்கிலிகளும் நீர் நிறுவனங்களும் 1990களின் இறுதியில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ‘மேம்பட்ட பதம்’ என்று சொல்ல ஆறு பூஜ்யம் குறையவேண்டும், சால்மொனெல்லா அறவே இருக்கக்கூடாது.

அமெரிக்க விதியின் ‘பி’ வகுப்பு இன்னும் தளர்வானது. கிராமுக்கு 20 இலட்சம் வரை விடலாம். ஆனால் அந்தக் கசடு போட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு விளையும் காய்களை 14 மாதம் பறிக்கக்கூடாது. மண்ணுக்குள் விளையும் கிழங்கு வகைகளுக்கு, கசடை உடனே மண்ணோடு கலந்துவிட்டால் 38 மாதம் காத்திருக்கவேண்டும். சுத்திகரிப்பு நிலையம் கொல்லாமல் விட்ட கிருமிகளை வெயிலும் காலமும் கொன்று முடிக்கட்டும் என்பதே இதன் பொருள்.

ஏன் 38 மாதம்? பாக்டீரியாவுக்காக அவ்வளவு நீண்ட காவல் தேவையில்லை. உருண்டைப்புழுவின் முட்டைதான் காரணம்.

மலாயாத் தோட்டங்களில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இந்தப் புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லயத்துப் பிள்ளைகளின் வயிறு உப்பியிருந்ததற்கும், பூச்சிமருந்து கொடுத்த மறுநாள் வெளியே வந்ததற்கும் அவர்களே சாட்சி. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டை இடும். முட்டையின் ஓடு பல அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு கொழுப்புப் பொருள் என்பதால் அமிலமோ காரமோ பெரும்பாலான இரசாயனங்களோ எளிதில் நுழைவதில்லை. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மலேசியா 1974இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய புழுநீக்கத் திட்டத்தைத் தொடங்கி 1983இல் நிறுத்தியது. நகரங்களில் புழு அநேகமாக மறைந்துவிட்டது. ஒராங் அஸ்லி பழங்குடிச் சிற்றூர்களில் இன்றும் பிள்ளைகளைப் பீடிக்கிறது.

செரிமானக் கலத்தின் 35 டிகிரி இந்த முட்டையை என்ன செய்யும்? மனிதக் குடலின் சூட்டுக்கும் அதற்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். அந்தச் சூட்டிலேயே பிறந்து வந்த முட்டை அதைக் கண்டு அஞ்சப்போவதில்லை. முட்டைக்குள் குஞ்சு வளர ஆக்சிஜன் வேண்டும். கலத்தில் அது இல்லாததால் வளர்ச்சி நின்றுபோகும், உயிர் போகாது. கசடு வயலுக்குப் போய்க் காற்றுப் பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சராசரி இருபது நாள் என்றால் ஒவ்வொரு துளியும் இருபது நாள் இருந்ததாகப் பொருள் கொள்ளக்கூடாது. கலத்தை இடைவிடாமல் கலக்குகிறார்கள். ஒருபக்கம் புதுக் கசடு நுழைய, மறுபக்கம் அதே அளவு வெளியேறுகிறது. இன்று காலை நுழைந்ததில் ஏறத்தாழ 5 சதவீதம் நாளைக் காலைக்குள் வெளியே வந்துவிடும். சாம்பாருக்கு அரைவேக்காட்டுப் பருப்பை ஒரு பிடி கடைசியில் போட்டது போலத்தான் அது. மொத்தக் கசடின் தரத்தையும் அந்த 5 சதவீதமே தீர்மானிக்கிறது. ஆகவே கிருமிக் கொலையை மனத்தில் வைத்துக் கட்டும் நிலையங்களில் தொடர்ந்து ஓடும் கலத்தோடு நிற்பதில்லை. ஒரு தொட்டியை நிரப்பி மூடி, உரிய நேரம் சூட்டில் வைத்திருந்து, பிறகு முழுதாகக் காலிசெய்கிறார்கள். உள்ளே போன எதுவும் நேரத்துக்கு முன் தப்பாது.

உரிய நேரம் எவ்வளவு, உரிய சூடு எவ்வளவு? இங்கேதான் கதை சுவையாகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதற்கு ஒரு சமன்பாடு வைத்திருக்கிறது. அதன் மூலம் கசடு ஆய்விலிருந்து வரவில்லை. முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்த ‘எக்நாக்’ பானத்தைப் பாதுகாப்பாகக் காய்ச்ச உணவுத் துறை வகுத்த விதியிலிருந்து வந்தது. எக்நாக் கெட்டியாக, மெதுவாக ஓடும். திரவக் கசடும் அப்படித்தான். கெட்டியான திரவத்துக்குள் சூடு மெல்லத்தான் பரவும் என்பதால் அந்த விதியையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ஓரளவு கெட்டியான கசடுக்கு அந்தச் சமன்பாடு தரும் விடைகள் இவை: 50 டிகிரியில் 13 நாள், 55 டிகிரியில் இரண்டரை நாளுக்குச் சற்று மேல், 60 டிகிரியில் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம், 70 டிகிரியில் அரைமணி. ஐந்து டிகிரி கூடும்போதெல்லாம் காலம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 50 டிகிரியைத் தாண்டியதும் முட்டையின் கொழுப்படுக்கு நிலைகுலையத் தொடங்குவதும், உள்ளேயிருக்கும் புரதங்கள் உருமாறுவதும் இதற்குக் காரணம்.

இந்தச் சூட்டை எட்ட உலகம் பல வழி தேடியிருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதலே கசடைச் சூளையில் உலர்த்திக் குருணை உரமாக்கி, ‘மில்ஆர்கனைட்’ என்ற பெயரில் விற்கிறது. நார்வேயின் ஹாமர் நகரில் 1995இல் இன்னொரு முறை வந்தது: கசடை அழுத்தக் கலத்தில் 165 டிகிரி வரை சூடேற்றி அரைமணி வைத்து, பிறகே செரிமானத்துக்கு அனுப்புவது. வாஷிங்டன் நகரின் மாபெரும் நிலையம் இப்போது அதைக் கடைப்பிடிக்கிறது. கம்போஸ்ட் குவியலில் எந்த எரிபொருளும் வேண்டாம். கசடோடு மரத்தூளோ காய்ந்த இலையோ கலந்து காற்றூட்டினால் பாக்டீரியாக்களே 55 டிகிரிக்கு மேல் சூடேற்றிவிடும். திறந்த வரிசைகளாகக் குவித்தால் பதினைந்து நாள் அந்தச் சூடு நிற்கவேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்டவேண்டும். புரட்டாவிட்டால் வெளிப்புறத்தில் உள்ளவை சூடே காணாமல் பிழைத்துக்கொள்ளும்.

சுட்ட சுண்ணாம்பு இன்னொரு வழி. கசடில் கலந்ததும் அதன் pH அளவு 12ஐத் தாண்டும், கூடவே வெப்பமும் எழும். காரம் ஏறியதும் கசடிலுள்ள அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறுகிறது. முட்டையோட்டின் கொழுப்படுக்கை ஊடுருவக்கூடிய மிகச் சில பொருள்களில் அம்மோனியாவும் ஒன்று. சிறுநீரிலிருந்தே வரும் ஒரு பொருள் மலத்திலுள்ள புழுமுட்டையைக் கொல்கிறது என்பது இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

இந்தியாவில் சூடே இல்லாத ஒரு பாதை. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1990களிலேயே வடோதராவில் கசடைக் கோபால்ட்-60இன் காமாக் கதிருக்குக் காட்டிச் சோதித்தது. அகமதாபாத்தில் 2019 முதல் நாளொன்றுக்கு 100 டன் உலர்கசடைக் கையாளும் நிலையம் இருக்கிறது. கதிர் கிருமியின் மரபிழையை உடைக்கிறது. கசடு கதிரியக்கம் பெறுவதில்லை. கிருமி நீங்கிய கசடில் பயிருக்கு நன்மைதரும் பாக்டீரியாக்களைச் சேர்த்து உரமாக்குகிறார்கள். அந்தக் கடைசிப் படி மிக முக்கியம். எல்லாம் செத்துப்போன கசடு காலியான வீடு, எந்தக் கிருமி முதலில் நுழைந்தாலும் தடையின்றிப் பெருகும். நல்ல பாக்டீரியாவை முன்கூட்டியே குடியேற்றிவிட்டால் கெட்டதற்கு இடமில்லை.

இப்படி மறுபடி பெருகுவது கற்பனை அச்சம் அல்ல. கலத்திலிருந்து வரும் கசடை வேகமாகச் சுழலும் மையவிலக்கு எந்திரத்தில் பிழிந்து கட்டியாக்குகிறார்கள். பிழிவதற்கு முன் சோதித்தால் கிருமி எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கும். பிழிந்த உடனே அதே கசடைச் சோதித்தால் சில நிலையங்களில் எண்ணிக்கை பலமடங்கு ஏறியிருந்ததை 2000களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். சில நிமிடங்களில் பாக்டீரியா அத்தனை மடங்கு பெருக முடியாது. சாகாமல் உறங்கிக் கிடந்தவை சோதனைத் தட்டில் வளராமல் இருந்து, எந்திரத்தின் உலுக்கலில் விழித்துக்கொண்டன என்பதே அவர்கள் முன்வைத்த விளக்கம். சோதனையைக் கடைசிப் படிக்குப் பிறகு, லோரியில் ஏற்றும் இடத்தில் செய்யவேண்டும் என்று இதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

பினாங்குக்கு எந்த வழி பொருந்தும்? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீவில் வெயிலில் உலர்த்துவதை நம்ப முடியாது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் மலக்கசடை உலர்படுகைகளில் காயவைக்கிறார்கள். அந்த வெயில் இங்கே இல்லை. ஆனால் குளிர்நாடுகளுக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. கசடே 28 டிகிரியில் வருகிறது. ஒரு கன மீட்டர் கசடை 28இலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 113 மெகாஜூல் வெப்பம் போதும். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் 36 மெகாஜூல் கிடைக்கும். சேதாரத்தையும் சேர்த்துக்கொண்டால் நான்கு கன மீட்டர் மீத்தேன். நன்கு கெட்டியாக்கிய ஒரு கன மீட்டர் கசடு செரிக்கும்போது அதைவிடக் கூடுதலாகவே தரும். கிருமியைக் கொல்லும் எரிபொருளைக் கசடே தன்னுள் வைத்திருக்கிறது. வெப்பமண்டல நகரங்கள் 35 டிகிரியோடு நின்றுவிடுவதற்கு அறிவியல் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. பணமும் சட்டமும்தான் காரணம்.

சட்டத்தைப் பார்ப்போம். மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகள், வெளியேறும் நீரில் ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், அம்மோனியா என்று பலவற்றுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. கிருமிக்கு வரம்பு இல்லை. நீரிலேயே எண்ணாதபோது கசடில் புழுமுட்டையை எண்ணும் பழக்கம் எப்படி வரும்? நாட்டின் கசடில் பெரும்பகுதி இன்று நிரப்பிடங்களுக்குப் போகிறது என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாமல் கிடக்கிறது. நிரப்பிடங்கள் நிறைந்துகொண்டிருக்கின்றன. கசடிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் மண்ணுக்கு வேண்டியவை. என்றைக்காவது இந்தக் கசடு செம்பனைத் தோட்டத்துக்கோ பூங்காவுக்கோ போகத்தான் வேண்டும், போவது நல்லதும்கூட. அன்றைக்கு அதை முதலில் தொடப்போவது தோட்டத் தொழிலாளியின் கை. பின்சந்தில் வாளி தூக்கியவருக்கு இல்லாத பாதுகாப்பு இவருக்கு இருக்கவேண்டும் என்றால், ஒவ்வொரு லோரிக் கசடோடும் அதிலுள்ள கிருமி எண்ணிக்கையும் உயிருள்ள முட்டை எண்ணிக்கையும் எழுதிய சான்று போகவேண்டும். அமெரிக்க ‘ஏ’ வகுப்பு நான்கு கிராமில் ஓர் உயிருள்ள முட்டைக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. அதை மலேசியாவும் இந்தியாவும் இலங்கையும் எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை.

வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய தாமான் வீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் இன்னும் தனித்தனி நச்சுத்தொட்டிகள்தான். நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. தொட்டி நிரம்பிவிட்டால் கசடு தங்காமல் நீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும். அப்படிப் போன முட்டையை எந்தக் கலமும் சூடேற்றப்போவதில்லை, அது நேரே ஆற்றுக்கும் கடலுக்கும்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது காலிசெய்தீர்கள் என்று பாருங்கள். இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் உரிமம் பெற்ற லோரியை அழையுங்கள். எடுத்த கசடு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.